இடது முழங்காலும் வலது தோளும்

ராசமலர் லுங்பியர்க் உதைபந்தாட்டக் கழகத்துக்கு வேலைக்குப் போனது விளையாட்டின் மேல் உள்ள ஆசையால் அல்ல. டெனிஷ் நகரமான இக்காஸ்ட்டில் அவள் பத்தொன்பது வருடம் வேலை செய்த பின்னல் தொழிற்சாலையை ஓர் இலையுதிர் காலத்தில் மூடிவிட்டார்கள். வேலையில்லாதவர்களுக்கான ஜொப்சென்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதின்மூன்று கிழமை ஓரிடத்தில் வேலை பழகிப் பார்க்கும்படி சொன்னாள். அந்த இடம்தான் லுங்பியர்க். இக்காஸ்ட்டிலிருந்து விபோர்க் பக்கமாகக் காரில் இருபத்தைந்து நிமிடம். இரண்டாம் பிரிவில், எந்த வருடமும் மேலே ஏறாமலும் கீழே விழாமலும் நடுவில் கிடக்கிற கழகம். பதின்மூன்று கிழமை முடிந்தபோது எந்த சொக்ஸ் யாருடையது என்று அவளைக் கேட்காமல் அங்கே ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அப்படியே நிரந்தரமாகிவிட்டாள்.

அவளுடைய அறை பார்வையாளர் மேடைக்குக் கீழே இருந்தது. உடுப்புத் தோய்க்கும் பெரிய மெசின் இரண்டு, காயவைக்கும் மெசின் ஒன்று, உயரத்தில் ஒரு சின்ன யன்னல். போட்டி நாட்களில் கூட்டத்தின் சத்தம் அந்த யன்னலால் வரும். ஏழு வருடத்தில் அவள் ஒரு போட்டியைக்கூட வெளியே போய்ப் பார்த்ததில்லை. கோல் விழுந்தால் எந்தப் பக்கம் விழுந்தது என்று சத்தமே சொல்லிவிடும். மிச்சத்தை உடுப்பு சொல்லும். யார் உண்மையாக ஓடினான், யார் விழுந்து இழுபட்டான், யார் மைதானத்தில் இறங்காமல் தொண்ணூறு நிமிடமும் வாங்கில் இருந்துவிட்டு வந்தான் என்பதெல்லாம் கூடையைக் கவிழ்த்துக் கொட்டினால் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய கணவர் ஞானரட்ணம் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் சிஃப்ட் வேலை செய்பவர். இங்கிலாந்துப் போட்டிகளைத் தவிர வேறெதையும் அவர் உதைபந்தாட்டம் என்று ஒத்துக்கொள்வதில்லை. "உங்கடை கிளப்பைப் பார்க்கிறதைவிட உம்மடை மெசின் சுத்துறதைப் பார்க்கலாம்" என்பார்.

அந்தக் கழகத்துக்கு ஒரு ஜனவரி மாதம் பியோன் தோயுன் வந்து சேர்ந்தான். வயது இருபத்து மூன்று. கொரியாவில் குன்சான் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்தவன், தகப்பன் நகர பஸ் சாரதி. அங்கே இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் இரண்டு வருடத்தில் பதினொரு போட்டி மட்டும் விளையாடியிருந்தான். ஏஜென்ட் ஒருவர் அனுப்பிய வீடியோவைப் பார்த்துப் பயிற்சியாளர் டோர்பென் அவனை எடுத்திருந்தார். நடுப் பின்வரிசையில் இடது பக்கம் நிற்பவன். மைதானம் உறைந்து கல்லாகிக் கிடந்த அன்று, இரண்டு பெரிய சூட்கேசுகளோடு அலுவலக வாசலில் வந்து நின்றான்.

அவனோடு எந்த மொழியில் பேசுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது முகாமையாளருக்கு ஒரு யோசனை வந்தது. டிக்கெட் கொடுக்கும் லீனேயைக் கூட்டிக்கொண்டு வந்தார். லீனேக்கு முகம் மட்டும்தான் கொரியா. நாலு மாதக் குழந்தையாக விமானத்தில் வந்து இறங்கி, பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றில் தத்துப் பிள்ளையாக வளர்ந்தவள். வயது நாற்பது தாண்டிவிட்டது.

அவளைக் கண்டதும் தோயுனின் முகம் மலர்ந்தது. இடுப்பு வளைய வணங்கினான். வந்த வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த பேச்சு முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினான். லீனே காது சிவக்க நின்றாள். அவன் முடித்ததும், அந்த யூலாந்துப் பக்கத்துக்காரியின் தடித்த டெனிஷில், "எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, மன்னித்துக்கொள்" என்றாள்.

உடுப்புக் கூடையோடு வந்த ராசமலர் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தோயுனின் முகம் வாடியதைவிட லீனே நின்ற நிலைதான் அவளுடைய மனதைத் தைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தன் மகள் சாரங்கியிடம் தமிழைப் பொழியும்போது, பிள்ளையும் இப்படித்தான் நிற்பாள்.

முதல்நாள் பயிற்சி முடிந்ததும் தோயுன் செய்த காரியம் அவளுக்குப் புதினமாக இருந்தது. மற்றவர்கள் கதவடியில் நின்றபடி அழுக்கு உடுப்பைக் கூடைக்கு எறிவார்கள். பாதி நிலத்தில் விழும். இவனோ சேறு பிடித்த ஜேர்சியை நாலாக மடித்து, காற்சட்டையை மடித்து, சொக்ஸை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தான்.

"அழுக்கு உடுப்பை ஏன் தம்பி மடிக்கிறாய்? எனக்கு அதைப் பிரிக்கிறதுதான் வேலை" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். அடுத்தநாளும் மடித்துக்கொண்டு வந்தான். அவள் அவனுக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் உதறிப் பிரித்துக் கூடைக்குள் போட்டாள். மூன்றாம் நாளும் மடித்துக்கொண்டு வந்தான். இரண்டு கிழமை இந்த மல்லுக்கட்டு நடந்தது. பிறகு அவள் விட்டுவிட்டாள்.

பெப்ரவரி கடைசியில் அவனுடைய முதல் போட்டி. சனிக்கிழமை மத்தியானம். ராசமலர் மெசினுக்குள் துவாய்களைத் திணித்துக்கொண்டிருந்தபோது, யன்னலால் இதுவரை கேட்காத ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒன்றுமே இல்லை, ஆயிரத்து ஐந்நூறு பேரும் வாயடைத்துப்போன மாதிரி. பிறகு தூரத்தில், வெளியூர்க்காரர் நிற்கும் மூலையிலிருந்து மட்டும் சிரிப்பு. பந்தை வெளியே அடிக்கப்போன தோயுன் அதைத் தன் கோலுக்குள்ளேயே அடித்திருந்தான். போட்டி ஒன்றுக்குப் பூச்சியத்தில் முடிந்தது.

எல்லோரும் போன பிறகு அவன் வந்தான். உடுப்பை மடித்துத்தான் கொண்டுவந்தான். கொடுத்துவிட்டுப் போகாமல், காயவைக்கும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தான். அந்த இடம்தான் கட்டிடத்திலேயே நல்ல சூடான இடம். அவள் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலம் கழித்துத் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தாள். சோறும் கோழிக்கறியும். அவன் முதலில் வேண்டாமென்றான். பிறகு பெட்டியை வழித்துத் துடைத்தான். நெற்றியால் வியர்வை ஓடியது.

"எரியுதோ?"

"எரியுது. நல்லா இருக்கு."

அவர்கள் இருவரும் கதைத்தது உடைந்த டெனிஷில்தான், இடைக்கிடை ஆங்கிலம் போட்டு ஒட்டி. தமிழில் எழுதும்போது கொஞ்சம் ஒழுங்காகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவன் அவளை 'இமோ' என்று கூப்பிடத் தொடங்கினான். அதன் அர்த்தத்தை லீனேதான் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: சின்னம்மா மாதிரி ஓர் உறவு. லீனேயும் அதற்குள் ஒரு கொரியப் பாடப் புத்தகம் வாங்கியிருந்தாள். மத்தியான இடைவேளையில் அவள் அவனிடம் கொரியன் கேட்பாள், அவன் அவளிடம் டெனிஷ் கேட்பான். ஒருநாள் சாரங்கி தொலைபேசியில் 'அப்பா' என்றதைக் கேட்டுத் தோயுன் துள்ளி எழும்பினான். தங்களுக்கும் அப்பா அப்பாதான் என்றான். சந்தோசத்தில் ராசமலரும் லீனேயும் அவனுமாகச் சேர்ந்து இன்னும் நாற்பது சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஒன்றும் பொருந்தவில்லை.

மெல்ல மெல்ல அவன் அணியில் ஊன்றிக்கொண்டான். உயரம் அதிகம் இல்லை, வேகமும் அதிகம் இல்லை. ஆனால் பந்து எங்கே வரப்போகிறது என்று அவனுக்கு ஒரு கணம் முன்னாலேயே தெரிந்துவிடும் என்று டோர்பென் சொல்வார். உள்ளூர்ப் பத்திரிகை முதலில் அவனுக்கு ஆறுக்கு இரண்டு புள்ளி போட்டது. பிறகு மூன்று. இரண்டாவது வருடத்தில் நாலும் ஐந்துமாக வந்தது.

"பள்ளிக்கூடத்திலை நான் முன்வரிசைக்காரன், இமோ" என்று ஒருநாள் சொன்னான். "நிறையக் கோல் அடிச்சனான். பதினேழு வயசிலை பின்னுக்கு ஆள் இல்லையெண்டு கொண்டுபோய் நிறுத்திவிட்டினம். அண்டைக்கு விடுதியிலை அழுதன்."

"இப்ப?"

"இப்ப பழகிட்டுது. நான் நல்லா விளையாடினால் ஒண்டுமே நடக்காது. ஒருத்தரும் என்னைக் காணமாட்டினம். பிழை விட்டால்தான் பெயர் தெரியும்."

"என்ரை வேலையும் உதுதான்" என்றாள் ராசமலர்.

இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், வழுக்கிப்போய்ப் பந்தை எடுப்பதும் இடது காலால்தான். அதனால் அவனுடைய காற்சட்டையின் இடது இடுப்பு எப்போதும் புல் கறையால் பச்சையாக இருக்கும். கறை எடுக்கும் மருந்தை அந்த இடத்தில் ராசமலரின் கை பார்க்காமலே தெளித்துவிடும்.

மூன்றாவது வருடம் லுங்பியர்க் கழகத்துக்கு என்ன பிடித்ததோ, வென்றுகொண்டே போனது. வசந்தம் வந்தபோது மேல் பிரிவுக்கு ஏறும் இடத்தில் நின்றார்கள். ஊரில் வீட்டு யன்னல்களில் கழகத்தின் கொடி தொங்கியது. ஞானரட்ணமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "உந்தக் கொரியன் பெடியன் பரவாயில்லையாம்" என்றார்.

ஏப்ரல் கடைசியில் ஒரு திங்கட்கிழமை ராசமலர் வழக்கம்போலத் தோயுனின் காற்சட்டையின் இடது பக்கத்தில் மருந்தைத் தெளித்தாள். தெளித்த பிறகுதான் பார்த்தாள், அங்கே கறையே இல்லை. கறை வலது பக்கத்தில் இருந்தது. ஒருமுறை அப்படி நடக்கலாம் என்று விட்டாள். அடுத்த கிழமையும் அப்படியே. உள்ளே போடும் நீளக் காற்சட்டையை எடுத்துப் பார்த்தாள். இடது முழங்கால் வரும் இடத்தில், நோவுக்கு ஒட்டும் பிளாஸ்டரின் பசை கட்டியாகக் காய்ந்திருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் கற்பூரம் மாதிரி ஒரு மணம்.

அவன் உடுப்போடு வந்ததும் கேட்டாள்.

"தம்பி, இடது முழங்காலுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை, இமோ."

அவள் அந்தக் காற்சட்டையை விரித்துக் காட்டினாள். அவன் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மூண்டு போட்டிதான் மிச்சம்" என்றான். "மூண்டே மூண்டு. முடிஞ்ச உடனே நானே சொல்லுறன்."

ஜெர்மனியிலிருந்து ஓர் அணியின் ஆள் இரண்டு தரம் வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கடைசிப் போட்டிக்கு மறுபடி வருகிறார். அவனுக்கு இருபத்தெட்டு வயதுக்குள் ஊருக்குத் திரும்பிக் கட்டாய இராணுவச் சேவைக்குப் போகவேண்டும். அதற்கு முன் பெரிய இடம் ஒன்றில் விளையாட இதுதான் கடைசி வாசல். அவன் இதையெல்லாம் விரல் மடித்துச் சொன்னான். அவள் மெசினின் கதவைப் பூட்டினாள்.

அன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் விசயத்தைச் சொன்னாள்.

"நீர் உடுப்புத் தோய்க்கிற ஆள். டொக்டரே நீர்?" என்றார் ஞானரட்ணம். "அந்தப் பெடியன் தன்ரை காலைப் பற்றித் தானே முடிவெடுக்கட்டும். உமக்கேன் இந்த வேலை?"

விபோர்க்கில் தாதியாகப் படித்துக்கொண்டிருந்த சாரங்கி டெனிஷில் குறுக்கிட்டாள். தன் வார்டில் ஒரு நோயாளி நோவை மறைத்தால் தான் அதை எழுதி வைத்தே ஆகவேண்டும் என்றாள்.

"அவன் என்ரை நோயாளி இல்லையே, பிள்ளை."

"அப்ப அவர் உங்களுக்கு யார்?" என்று சாரங்கி கேட்டாள். ராசமலர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

மூன்றில் முதல் போட்டியை வென்றார்கள். யன்னலால் வந்த ஆரவாரத்தில் மெசினின் மேல் வைத்திருந்த மருந்துப் போத்தல் மூடிகள் அதிர்ந்தன. அந்தச் சனிக்கிழமைக் கூடையிலிருந்து தோயுனின் ஜேர்சியைப் பிரித்தபோது, கழுத்துப் பட்டி ஈரமாகக் கசங்கியிருந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தாள். பின்னலில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். பத்தொன்பது வருடம் துணியில் ஓட்டை தேடியவள் அவள். ஊசி போட்ட ஓட்டை எப்படி இருக்கும், மெசின் கடித்த ஓட்டை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவை பல் போட்ட ஓட்டைகள். நோவைக் கத்தாமல் இருக்க அவன் கழுத்துப் பட்டியைக் கடித்துக்கொண்டு விளையாடியிருக்கிறான்.

அந்த ஜேர்சியை அவள் தோய்க்கவில்லை. திங்கட்கிழமை அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"வியாழக்கிழமைக்குள்ளை நீயே போய்ச் சொல்லு. இல்லாட்டில் நான் சொல்லுவன்."

"நீங்கள் சொன்னால் எனக்கு எல்லாம் முடிஞ்சுது, இமோ."

"வியாழக்கிழமை."

அவன் சொல்லவில்லை. செவ்வாயும் புதனும் அவளைக் கடந்து போகும்போது, அவள் மறந்திருப்பாள் என்பது போல் சிரித்தான். வியாழன் மத்தியானம் அவள் ஜேர்சியையும் காற்சட்டையையும் எடுத்துக்கொண்டு, விளையாட்டுக்காரர்களின் காயங்களைப் பார்க்கும் பிசியோவின் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளே போய் மேசையில் விரித்தாள். டெனிஷில் வசனம் தேடத் தேவைப்படவில்லை. பிசியோ பல் அடையாளத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை ஸ்கான் எடுத்தார்கள். முழங்காலுக்குள் இருக்கும் சவ்வு கிழிந்திருந்தது. தோயுன் இல்லாமல் இரண்டு போட்டியும் நடந்தன, இரண்டிலும் தோற்றார்கள். கழகம் மூன்றாவதாக வந்தது. முதல் இரண்டு இடத்துக்குத்தான் மேல் பிரிவு. ஜெர்மன்காரர் வரவில்லை. ஊர் யன்னல்களில் கொடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. டோர்பென் ராசமலரிடம் வந்து கைகொடுத்து, அவள் செய்தது சரி என்றார். ஆனால் சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை தோயுன் தன் பெட்டியை வெறுமையாக்க வந்தான். ஒரு கையில் ஊன்றுகோல். மற்றக் கையில் இருந்த உடுப்பைக் கதவடியில் நின்றபடியே கூடைக்கு எறிந்தான். ஒரு சொக்ஸ் வெளியே விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். ராசமலர் அந்த சொக்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கன நேரம் நின்றாள். அன்று பின்னேரம் வீட்டு வாசலில் காரை நிற்பாட்டிய பிறகும் இறங்க மனமில்லாமல் உள்ளேயே இருந்தாள். ஞானரட்ணம் வந்து கண்ணாடியைத் தட்டினார். அன்றைக்கு அவர் ஒரு பகிடியும் விடவில்லை, தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த பிறகு லீனே ஒரு செய்தி கொண்டுவந்தாள். அவள்தான் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள். அந்த இரண்டு போட்டியையும் நான் விளையாடியிருக்கலாமா என்று தோயுன் டொக்டரைக் கேட்டானாம். விளையாடி முடித்திருக்கவும் கூடும், முதல் பத்து நிமிடத்திலேயே கால் நிரந்தரமாகப் போயிருக்கவும் கூடும், எனக்குத் தெரியாது என்றாராம் டொக்டர். ராசமலர் அந்த 'எனக்குத் தெரியாது' என்பதைக் கோடை முழுவதும் மனதுக்குள் உருட்டிக்கொண்டு திரிந்தாள். டொக்டர் ஒரு பக்கமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இலையுதிர் காலத்தில் அவன் தேகப்பயிற்சி அறைக்கு வரத் தொடங்கினான். அது அவளுடைய அறைக்கு எதிரே, நடைபாதையின் மற்றப் பக்கம். போகும்போதும் வரும்போதும் தலையை மட்டும் குனிப்பான். உடுப்பைத் தன் வீட்டிலேயே தோய்த்துக்கொண்டான்.

அந்த நாட்களில் ராசமலருக்கே ஒரு தொல்லை இருந்தது. அவளுடைய வலது தோள் இறுகிக்கொண்டு வந்தது. ஈர உடுப்பு ஒரு பாரம் பதினெட்டுக் கிலோ இருக்கும், நாளுக்கு ஏழெட்டுப் பாரம். கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. தலையை இடது கையால் வாரினாள். மெசினின் கதவை முழங்காலால் தள்ளிப் பூட்டினாள். உயரத் தட்டில் இருந்த மருந்துப் போத்தல்களை எல்லாம் கீழ்த் தட்டுக்கு இறக்கி வைத்தாள். ஞானரட்ணத்துக்கும் சாரங்கிக்கும்கூடச் சொல்லவில்லை. ஏலாது என்று தெரிந்தால் திரும்ப ஜொப்சென்டரின் கதிரையில் போய் இருக்கவேண்டி வரும். ஐம்பத்து நாலு வயதில் அந்தக் கதிரை அவளுக்கு வேண்டாம்.

நவம்பரில் ஒருநாள் பிசியோ அவளுடைய அறைக்குள் வந்தார்.

"மலர், வலது கையை மேலே தூக்குங்கள் பார்ப்போம்."

அவள் சிரித்துச் சமாளித்தாள். அவர் விடவில்லை. தூக்கினாள். நெஞ்சு உயரத்தில் கை நின்றுவிட்டது. கண்ணால் தண்ணீர் வந்தது.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

பிசியோவின் பின்னால், நடைபாதையில், தோயுன் சுவரோடு சாய்ந்து நின்றான்.

"நான்தான். போத்தல் எல்லாம் கீழ்த் தட்டுக்கு வந்திட்டுது. மெசினை முழங்காலாலை பூட்டுறியள். ரெண்டு மாசமாப் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

ராசமலருக்கு வந்த கோபத்தில் டெனிஷ் மறந்துபோனது. "உன்னை ஆரடா கேட்டது? என்னை வேலையாலை நிற்பாட்டினால் நீயோ வந்து பதில் சொல்லப்போறாய்? வாயைப் பொத்திக்கொண்டு உன்ரை பாட்டிலை போகத் தெரியாதோ உனக்கு?" என்று அசல் தமிழில் பொரிந்து தள்ளினாள். அவன் பெரியவர்கள் ஏசும்போது நிற்கவேண்டிய விதத்தில், இரண்டு கையையும் முன்னால் கட்டித் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டான். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. முடிந்ததும் நிமிர்ந்து, ஊகித்துக் கேட்டான்.

"வேலையாலை நிற்பாட்டுவினமோ எண்டு கேக்கிறியளா?"

"ஓம்!"

"எனக்குத் தெரியாது" என்றான், அந்த டொக்டர் சொன்ன மாதிரியே.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரிக்கத் தோள் நொந்தது, நோக நோகச் சிரித்தாள். அவனும் சிரித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்ற பிசியோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வேலையால் நிற்பாட்டவில்லை. பாரம் தூக்க ஓர் ஆளைப் போட்டு, அவளை அரைநாள் வேலைக்கு மாற்றினார்கள். மிச்ச நேரத்தில் பிசியோ தோளுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பனிக்காலம் முழுவதும் தேகப்பயிற்சி அறையின் ஒரு மூலையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி றப்பர்ப் பட்டியைப் பிடித்துக் கையை இழுப்பாள். ஒருவன் ஒற்றைக் காலில் இருந்து எழும்புவான். டெனிஷில் ஒன்றிலிருந்து பதினைந்து வரை சேர்ந்து எண்ணுவார்கள். பன்னிரண்டிலேயே ராசமலர் நிற்பாட்டப் பார்ப்பாள், அவன் விடமாட்டான்.

மார்ச்சில் அவன் திரும்ப விளையாடினான், கடைசி இருபது நிமிடம். ராசமலர் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தரமாக மைதானத்தின் ஓரத்தில் போய் நின்றாள். சத்தத்தைக் கேட்டு அவள் கற்பனை செய்திருந்ததைவிட அந்த விளையாட்டு மெதுவாக இருந்தது. குளிரும் அதிகம், இடையிடையே ஒன்றும் நடக்காமல் சும்மா நின்றார்கள். திடீரென்று எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு பாய்ந்து வந்தான். தோயுன் இடது காலை நீட்டி வழுக்கிப் போனான்.

"ஐயோ!" என்று அவள் கத்தியது எதிர்ப்பக்க மேடைக்கே கேட்டிருக்கும்.

பந்து வெளியே போனது. அவன் புல்லில் கையூன்றி எழும்பினான். இரண்டு கால்களையும் ஒருமுறை உதறினான். ஓடினான். பக்கத்தில் நின்ற லீனே ராசமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது நொந்த கைதான், ஆனாலும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு தோயுனுக்குப் பெரிதாக ஒன்றும் வாய்க்கவில்லை. ஜெர்மனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. லுங்பியர்க் பழையபடி நடுவில் போய்க் கிடந்தது. பதினெட்டுப் போட்டி விளையாடினான், தலைவன் காயப்பட்டபோது மூன்றில் தலைவனாக இறங்கினான். ராசமலர் செய்ததைச் சரியென்றோ பிழையென்றோ அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு முன், கொரியாவுக்குப் போகவேண்டிய நாள் வந்தபோது, விமான நிலையத்துக்கு யார் கூட்டிப்போவது என்று கழகத்தில் பேச்சு எழுந்தது. இமோ கூட்டிக்கொண்டு போவா என்று அவனே சொல்லிவிட்டான்.

பில்லுண்டு விமான நிலையத்துக்கு ஞானரட்ணமும் வந்தார். காரில் வழி நெடுக அவர்தான் கதைத்தார். இரண்டு சூட்கேசுகளையும் தானே தூக்கினார். வாசலில் வைத்துவிட்டு, நாலு வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"தம்பி, உன்ரை முதல் போட்டியிலை உன்ரை கோலுக்குள்ளேயே அடிச்சனியே. அது வலது காலாலை அடிக்கவேண்டிய பந்தெல்லோ? ஏன் இடது காலாலை அடிச்சனீ?"

"நீங்களும் பார்த்தனீங்களா?"

"பிறகு வீடியோவிலை பார்த்தனான். ஏழெட்டுத் தரம்" என்றார் ஞானரட்ணம். ராசமலர் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இதை வீட்டில் மூச்சு விட்டதில்லை.

தோயுன் இருவரையும் வணங்கினான். பிறகு ராசமலரைக் கட்டிப்பிடித்தான், வலது தோளில் படாமல் கவனமாக.

முழங்கால் அறுவையைக் காட்டியதில் அவனுக்கு இராணுவ முகாம் இல்லாமல் போனது. மூன்று கிழமைப் பயிற்சிக்குப் பிறகு, சோலுக்குப் பக்கத்து நகரம் ஒன்றின் நிலத்தடி ரயில் நிலையத்தில் சேவைக்குப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு, ஏறத் தெரியாதவர்களுக்கு வழிகாட்டுவதும் சக்கர நாற்காலிகளை லிஃப்டுக்குக் கொண்டுபோவதும் வேலை. போன மாதம் ஒரு டெனிஷ்காரத் தம்பதி வழி தெரியாமல் நின்றார்களாம். இவன் டெனிஷில் வாசலைக் காட்டியதும், கொரியாவில் பெற்றோரைத் தேடி வந்த தத்துப் பிள்ளையாக்கும் என்று நினைத்து அந்த அம்மா கண்கலங்கிவிட்டாவாம். மறுத்துச் சொல்ல மனம் வராமல், "நான் லுங்பியர்க்கில் இருந்தனான்" என்று மட்டும் சொன்னானாம். இந்தக் கதையை அவன் தொலைபேசியில் சொல்ல, லீனே சிரித்துச் சிரித்து அழுதாள். அவள் இப்போது அவனோடு கொரியனில்தான் கதைக்கிறாள், யூலாந்துத் தடிப்போடு.

வார இறுதியில் அவனுக்கு விளையாட அனுமதி உண்டு. நாலாம் பிரிவு அணி ஒன்றில் பின்வரிசையில் நிற்கிறான். அங்கே பின்னேரம், இக்காஸ்ட்டில் காலை எட்டு மணி. யாரோ ஒரு விளையாட்டுக்காரனின் தகப்பன் கம்பி வேலிக்கு வெளியே நின்று கைத்தொலைபேசியில் படம் பிடித்து நேரடியாகப் போடுகிறார். படம் ஆடும். பாதி நேரம் பந்து தெரியாது, வேலிதான் தெரியும்.

ஞானரட்ணம் சனிக்கிழமையே அலாரம் வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் சீனிப் பேணியோடு தொலைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கத்துவார்.

"ராசமலர், தொடங்கப்போறாங்கள், கெதியா வாரும்!"

"பாண் போட்டிட்டு வாறன், பொறுங்கோ."

"சாரங்கி எங்கை?"

"நைட் வேலை செய்துபோட்டு வந்து படுத்திருக்கிறாள், எழுப்பாதேங்கோ."

ஆனால் சாரங்கி போர்வையைச் சுற்றிக்கொண்டு தானாகவே எழும்பி வருவாள். போன ஞாயிறும் வந்தாள். மூன்று பேரும் தலையோடு தலை முட்ட அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் சிவப்பு ஜேர்சி போட்ட ஒருவன் கையை ஆட்டி முன்னுக்கு நின்றவர்களைப் பின்னுக்கு வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

"நாலாம் நம்பர்தானே அவர்?" என்று சாரங்கி டெனிஷில் கேட்டாள்.

"ஓம்" என்றாள் ராசமலர். "கொஞ்சம் மெலிஞ்சு போனான். விளையாட்டு முடிய, சாப்பிட்டவனோ எண்டு கேக்கவேணும்."